உள்ளடக்கச் சிறப்பு மையமும் நாற்பத்தெட்டு விநாடிகளும்

சசிரேகா செய்த தவறு மொத்தம் நாற்பத்தெட்டு விநாடிகள் ஓடும். அதைத் திருத்த ஒரகடத்துக் கம்பெனிக்கு நான்கு மாதமும் ஏழு கையெழுத்தும் இருபதடி நீளத்தில் ஒரு பேனரும் தேவைப்பட்டன.

சசிரேகாவுக்கு ஊர் பென்னலூர். கார் கதவுக்கு இரும்புக் கீல் செய்யும் அந்தக் கம்பெனியில் பதினொரு வருஷமாக பிரஸ் மெஷினில் நிற்கிறாள். தகட்டை உள்ளே வைத்து பட்டனை அழுத்தினால் மேலிருந்து அறுபது டன் இறங்கும், தகடு வளைந்து கீலாகும். ஒரு ஷிஃப்ட்டுக்கு இரண்டாயிரம் தடவை இறங்கும். அவளுடைய வேலை அவ்வளவுதான். சந்தோஷம் கம்பெனி பஸ்ஸில் இருந்தது. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்து வீடியோ செய்ய ஆரம்பிப்பாள். லைனில் யாருக்காவது பிறந்தநாள், யார் வீட்டிலாவது வளைகாப்பு என்றால் ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டால் போதும். பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் அந்த போட்டோவின் மேல் ரோஜாப்பூ மழை பெய்து, பெயர் தங்க எழுத்தில் சுழன்று, பின்னால் நாதஸ்வரம் வாசிக்கும். எல்லாம் இலவச ஆப்கள். ஒன்றில் வெட்டுவாள், ஒன்றில் எழுத்துப் போடுவாள், இன்னொன்றில் குரல் சேர்ப்பாள். பைசா கேட்காத ஆப், வீடியோவின் ஓரத்தில் தன் பெயரை மட்டும் சின்னதாகப் போட்டுக்கொள்ளும். அதில் சசிரேகாவுக்கு ஆட்சேபம் இல்லை.

பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. குறுக்கே கையோ வேறு எதுவோ இருந்தால் மேல்பாகம் இறங்காது. ஏழாம் நம்பர் மெஷினில் மட்டும் அந்த சென்சாரின் வயரைக் கழற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சென்சார் அடிக்கடி மெஷினை நிறுத்தியது, அதனால் உற்பத்தி குறைந்தது, சூப்பர்வைசர் மோகன் கழற்றச் சொன்னார், கழற்றிவிட்டார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் என்றால் பழைய ஆட்களுக்கு. மாதாமாதம் புதிதாக வரும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி என்று ஓர் ஆங்கிலப் படம் போடுவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரர் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்குவார். பிரஸ் ஷாப்பில் படிக்கட்டு கிடையாது.

சசிரேகா மோகனிடம் இரண்டு தடவை சொன்னாள். டார்கெட் முடியட்டும் பார்க்கலாம் என்றார். டார்கெட் என்பது முடிகிற சாமான் இல்லை. ஒருநாள் பீகாரிலிருந்து வந்த ஒருவனின் கையுறை ஏழாம் நம்பரில் மாட்டிக்கொண்டது. கையை உருவிக்கொண்டான், கையுறை மட்டும் அப்பளமாக வெளியே வந்தது. அன்று சாப்பாட்டு இடைவேளையில் சசிரேகா போனைத் தூணில் சாய்த்து வைத்து நாற்பத்தெட்டு விநாடிக்கு ஒரு வீடியோ எடுத்தாள்.

"ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மரக்குச்சிய குறுக்க நீட்டி பட்டன அமுக்கு. மெஷின் நின்னுச்சுன்னா சென்சார் வேல செய்துன்னு அர்த்தம். குச்சி ஒடஞ்சா அது உன் கை, கை போயிடும். ஏழாம் நம்பர்ல ஒடயுது, பாரு."

உடைந்தது. அதையும் காட்டினாள். பஸ்ஸில் போகும்போது இலவச மொழிபெயர்ப்பு ஆப்பைக் கொண்டு கீழே இந்தி எழுத்தும் ஓடவிட்டாள். 'கை போயிடும்' என்று அவள் சொன்னதை அந்த ஆப், கை கிளம்பிப் போய்விடும் என்கிற மாதிரி மொழிபெயர்த்திருந்தது. பீகார்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுநாள் ஆளுக்கொரு குச்சியோடு வந்தார்கள்.

மூன்று நாளில் அந்த வீடியோ ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று கம்பெனி கம்பெனியாகச் சுற்றியது. சுற்றிச் சுற்றி, இவர்களிடம் கீல் வாங்கும் கார் கம்பெனியின் அதிகாரி ஒருவர் போனுக்கும் போனது. அவர் அதை இவர்களுடைய பிளான்ட் ஹெட்டுக்கு அனுப்பி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

அன்று மத்தியானம் சசிரேகாவை மனிதவள மேலாளர் வசந்தகுமார் கூப்பிட்டனுப்பினார். அவர் திட்டவில்லை. நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, மிகவும் நல்ல முயற்சி என்றார். ஒரு தொழிலாளி தானாக முன்வந்து உள்ளடக்கம் உருவாக்குவது கம்பெனி சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை என்றார். பிறகு போனில் வீடியோவை நிறுத்தி, ஓரத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"இந்த ஓரத்துல ஒரு பேர் வருதே, இது யாரு?"

"அது ஆப்பு பேரு சார். ஃப்ரீ ஆப்பு."

"நம்ம ஷாப் ஃப்ளோர்ல வேற ஒரு கம்பெனி பேர் ஓடுது. இது எவ்வளவு சீரியஸ்னு உங்களுக்குப் புரியுதா?"

சசிரேகாவுக்குப் புரியவில்லை. ஏழாம் நம்பர் மெஷினைப் பற்றித்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சென்சார் வயர் கழன்றிருக்கிறது என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது ப்ரொடக்‌ஷன் சப்ஜெக்ட். நாம இப்ப பேசறது கன்டென்ட்."

மறுநாள் இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. முதலாவது, அந்த வீடியோ வைத்திருப்போர் அனைவரும் அதை உடனே அழிக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. அழித்துவிட்டதற்கு ஆதாரமாக, அழிப்பதை ஸ்கிரீன் ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டாவது, கம்பெனியில் இனிமேல் 'உள்ளடக்கச் சிறப்பு மையம்' என்று ஒன்று இயங்கும், வீடியோ உள்ளிட்ட சகலமும் அதன் வழியாகவே வெளிவரும், மையத்தின் ஒருங்கிணைப்பாளராக சசிரேகா நியமிக்கப்படுகிறார்.

வசந்தகுமாரின் முன்னாலேயே சசிரேகா தன் வீடியோவை அழித்தாள். அதிகாரபூர்வமான வீடியோ இதைவிட நன்றாக வரும், எல்லா மொழியிலும் வரும் என்று அவர் சொன்னதை நம்பினாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஏ.சி. அறை கிடைத்தது. முன்பு ஹெல்மெட் அடுக்கி வைத்திருந்த அறை. ஒரு மேசையும், இணையத் தொடர்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. இணையம் எப்போது வரும் என்று ஐ.டி. பிரிவுத் தலைவர் பிரசன்னாவிடம் கேட்டாள். அவர் வருத்தப்பட்டார். மையத்துக்கு இணையம் கொடுத்தால் மையத்தில் இருப்பவர்கள் இணையத்துக்குப் போய்விடும் அபாயம் உண்டு என்று விளக்கினார்.

திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு வந்தது. பிளான்ட் ஹெட் பேசினார்.

"பாதுகாப்புங்கறது ஒரு உணர்வு. உணர்வை அளக்க முடியாது. ஆனா வீடியோவ அளக்கலாம். போன வருஷம் நம்மகிட்ட இருந்த பாதுகாப்பு வீடியோ மொத்தம் நாலு நிமிஷம். இந்த வருஷம் டார்கெட் நாப்பது நிமிஷம். அதாவது, நாம பத்து மடங்கு பாதுகாப்பா ஆகப்போறோம்."

கை தட்டினார்கள். சசிரேகாவும் தட்டினாள்.

அடுத்து கருவி வேண்டுமே. எந்த ஆப் வேண்டும் என்று கேட்டார்கள், தான் பயன்படுத்தும் மூன்றின் பெயரைச் சொன்னாள். கொள்முதல் பிரிவின் படிவத்தில் விலை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. விலையில்லாத பொருளைக் கம்பெனி வாங்க முடியாது, வாங்காத பொருளைக் கம்பெனிக்குள் பயன்படுத்த முடியாது. சரி, மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைந்ததை எடுப்போம் என்றார்கள். மூன்றும் பூஜ்யமாக இருந்ததால் எது குறைவு என்று தீர்மானிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். அந்தக் குழு அறிக்கை தரும்வரை பயிற்சி நடக்கட்டும் என்று முடிவானது.

பயிற்சி இரண்டு நாள். 'இலவச இணையக் கருவிகளைக் கொண்டு டிஜிட்டல் ஊடகம் படைத்தலும் நுகர்தலும்' என்று இருபதடிக்கு பேனர் கட்டினார்கள். சென்னையிலிருந்து நெல்லையப்பன் என்கிற பயிற்சியாளர் வந்தார். கேட்டில் அவருடைய போனையும் லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே வந்து, இணையம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றார்கள். மனிதர் அனுபவசாலி. முகம் மாறாமல் மார்க்கரை எடுத்து, வெள்ளைப் பலகையில் ஒரு போனைப் படமாக வரைந்தார். அதற்குள் கத்தரிக்கோல் போட்டு, இங்கே அழுத்தினால் வெட்டு, அங்கே அழுத்தினால் ஒட்டு என்றார். மேலாளர்கள் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

இரண்டாம் நாள் செய்முறை. ஒவ்வொருவராக வந்து பலகையில் வரைந்த பொத்தானை விரலால் அழுத்த வேண்டும். வசந்தகுமார் அழுத்தினார், மார்க்கர் மை விரலில் ஒட்டியது, அருமை என்றார் நெல்லையப்பன். சசிரேகாவின் முறை வந்தபோது அவள் தயங்கி நின்றாள். அந்த ஆப்பில் அந்தப் பொத்தான் அந்த இடத்தில் இருக்காது என்று மெதுவாகச் சொன்னாள். அவர் புன்னகையோடு, அதெல்லாம் அட்வான்ஸ் லெவல் என்றார். முடிவில் வசந்தகுமாருக்கு 'தேர்ந்த படைப்பாளர்' என்று சான்றிதழ் கிடைத்தது. சசிரேகாவுக்கு 'தொடக்க நிலை, முயற்சி தேவை'.

இப்படி ஒரு மாதம் போயிற்று. அந்த ஒரு மாதமும் ஏழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வீடியோவின் வசனத்தைத் தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தாள். அது ஏழு பிரிவுகளின் கையெழுத்துக்குப் போனது. பாதுகாப்புப் பிரிவு, மரக்குச்சி அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனம் அல்ல என்று குச்சியை எடுத்தது. உற்பத்திப் பிரிவு, மெஷின் நிற்பதைக் காட்டினால் பார்ப்பவர்கள் மெஷினை நிறுத்தலாம் என்று நினைத்துவிடுவார்கள் என்று அந்தக் காட்சியை எடுத்தது. தரப் பிரிவு, கீலின் வடிவம் வாடிக்கையாளரின் ரகசியம் என்று கீலை மங்கலாக்கச் சொன்னது. கீல் மெஷினுக்குள் இருந்ததால் மெஷினும் மங்கியது. விளம்பரப் பிரிவுக்குக் கை போய்விடும் என்ற சொல் எதிர்மறையாகப் பட்டது. 'கவனம் நம் கையில்' என்று மாற்றினார்கள். சட்டப் பிரிவு ஏழாம் நம்பரில் என்பதை அடித்துவிட்டு 'சில இயந்திரங்களில்' என்று எழுதியது. தாள் மறுபடி போனபோது அது 'சில சூழல்களில்' ஆயிற்று. மூன்றாவது தடவை 'வாழ்க்கையில்' என்று திரும்பி வந்தது.

ஒவ்வொரு தடவையும் சசிரேகா வசந்தகுமாரிடம் போய் நின்றாள். இதைப் பார்த்தால் புது ஆளுக்கு என்ன தெரியும் சார் என்று கேட்டாள். அவருக்குக் கோபமே வராது. தெரிவிப்பது வேறு, வெளியிடுவது வேறு, நாம் வெளியிடுகிற கட்டத்தில் இருக்கிறோம் என்பார்.

எல்லாக் கையெழுத்தும் முடிந்தபோது கருவித் துணைக்குழு இன்னும் அறிக்கை தரவில்லை. வீடியோவின் வெளியீட்டுத் தேதியோ குறித்தாகிவிட்டது. பிரசன்னா ஒரு சாயங்காலம் சசிரேகாவைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்டுக்கு வெளியே நிற்கும் தன் காருக்கு வரச் சொன்னார். கம்பெனி எல்லைக்கு வெளியே கம்பெனி விதி செல்லாது என்றார். அவள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, தன் போனில், அதே இலவச ஆப்பில், புதிதாக எடுத்த காட்சிகளை ஏழு பிரிவு சொன்னபடி வெட்டி ஒட்டி மங்கலாக்கிக் கொடுத்தாள். முன்னால் பிளான்ட் ஹெட்டின் நான்கு நிமிஷ உரை, நடுவில் கம்பெனியின் வரலாறு, கடைசியில் நன்றி. மொத்தம் பதினொரு நிமிஷம். ஓரத்தில் ஆப்பின் பெயர் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் கம்பெனி முத்திரையைப் பெரிதாக ஒட்டி மறைக்கச் சொன்னார் பிரசன்னா.

இதை யாரும் போனில் பார்க்க முடியாது. கம்பெனியின் இணையப் பக்கத்துக்குள் ஊழியர் எண்ணைப் போட்டு நுழைந்துதான் பார்க்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஊழியர் எண் கிடையாது. நிரந்தர ஊழியர்களுக்கு நேரம் கிடையாது. நூறு சதவீதம் பேர் பார்த்தாக வேண்டும் என்று உத்தரவு இருந்ததால், மோகன் தன் அறைக் கம்ப்யூட்டரில் எல்லோருடைய எண்ணையும் ஒவ்வொன்றாகப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டார். முடிவில் மூன்று கேள்விகள் வரும். மூன்றும் கம்பெனி தொடங்கிய வருஷத்தைப் பற்றியவை.

இந்த வீடியோ வெளிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தென்றல் வேலைக்குச் சேர்ந்தாள். வாலாஜாபாத் பெண், வயது இருபத்திரண்டு, காண்ட்ராக்ட், பேக்கிங் பிரிவு. கேன்டீனில் சசிரேகாவின் பக்கத்தில் வந்து உட்காருவாள். வாய் ஓயாமல் பேசுகிற பெண். ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

"இன்னாமோ குச்சி வீடியோ போட்டியாமேக்கா. எல்லாம் சொல்றாங்கோ. எனக்கு அனுப்பேன்."

"அத அழிச்சிட்டேன்பா. கம்பெனியே போடுது. அடுத்த வாரம் வந்துடும்."

தென்றல் தலையாட்டிவிட்டு மோர் குடித்தாள். அவள் பேக்கிங்கில் இருக்கிறாள், பிரஸ்ஸுக்கு எங்கே வரப் போகிறாள் என்று சசிரேகா நினைத்தாள். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

ஒன்பதாம் தேதி பிரஸ் ஷாப்பில் இரண்டு பேர் லீவு. மோகன் பேக்கிங்கிலிருந்து தென்றலைக் கூட்டிவந்து ஏழாம் நம்பரில் நிறுத்தினார். எப்படி என்று ஒருதரம் செய்து காட்டினார். காலை பத்து நாற்பதுக்கு அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

சசிரேகா அப்போது மையத்தில் உட்கார்ந்து, வீடியோவைப் பார்த்தவர்களின் சதவீதத்தை வட்டப் படமாக வரைந்துகொண்டிருந்தாள். ஓடிப்போனபோது பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சாயங்காலம்வரை நின்றாள். தென்றலின் அம்மா கோவிந்தம்மா வந்து இவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சசிரேகாவால் அழவும் முடியவில்லை. அடுத்த வாரம் வந்துடும் என்று தான் சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

விசாரணைக் குழு போட்டார்கள். வீடியோவுக்குக் கையெழுத்துப் போட்ட அதே ஏழு பேர்தான். குழுவின் முன் பிரசன்னா ஓர் ஆவணத்தை வைத்தார். அதன்படி தென்றலுக்கு ஊழியர் எண் வழங்கப்பட்டிருந்தது, அந்த எண்ணில் வீடியோ முழுவதும் பார்க்கப்பட்டிருந்தது, மூன்று கேள்விக்கும் சரியான விடை தரப்பட்டிருந்தது. எண் வழங்கிய நேரம், விபத்து நடந்த அன்று காலை பதினொன்று இருபத்தைந்து. வீடியோ பார்த்த நேரம் பதினொன்று முப்பத்திரண்டு. அந்த நேரத்தில் தென்றல் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். இதை எப்படிக் குறிப்பில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு, 'விபத்துக்குப் பின்னரும் பாதுகாப்பு பற்றிக் கற்பதில் அவர் காட்டிய ஆர்வம் குறிப்பிடத்தக்கது' என்று எழுதினார்கள். இன்னொரு வரியும் சேர்த்தார்கள். 'பாதிக்கப்பட்டவர் தம் தரப்பில் எதையும் எழுத்து மூலம் தெரிவிக்கவில்லை.'

அவளுக்கு எழுதும் கை கட்டுப் போட்டு மார்பின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

சசிரேகாவைக் குழு கூப்பிட்டது. வீடியோவை உருவாக்கியவர் என்ற முறையில், அதில் உரிய எச்சரிக்கை இருக்கிறது என்று அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் விசாரணை முடிந்தது. அவள் கேட்டுக்கொண்டபடி வீடியோவை ஓட்டினார்கள். குழுவில் யாரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை, அவரவர் வெட்டிய இடத்தை மட்டும் பார்த்திருந்தார்கள். பிளான்ட் ஹெட் நான்கு நிமிஷம் பேசினார். வரலாறு ஓடியது. ஒன்பதாவது நிமிஷத்தில் மங்கலான ஏதோ ஒன்றின் முன்னால் மங்கலான ஏதோ ஒன்று அசைந்தது, வாழ்க்கையில் கவனம் நம் கையில் என்று ஒரு குரல் சொன்னது. சட்டப் பிரிவுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் அது என்ன என்று கேட்டார். பக்கத்திலிருந்தவருக்கும் தெரியவில்லை.

"அதான் சார் ஏழாம் நம்பர் மெஷினு," என்றாள் சசிரேகா. "இதுல சென்சார் இல்ல, குச்சி இல்ல, கை இல்ல. இன்னா எச்சரிக்கைன்னு நான் கையெழுத்துப் போடறது?"

"நீங்க எமோஷனலா பேசறீங்க, சசிரேகா. டைட்டில்ல இயக்கம்னு உங்க பேர்தான் இருக்கு," என்றார் வசந்தகுமார்.

"பேர எடுத்துடுங்க சார்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் அவளை மையத்திலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். தென்றல் நின்ற இடம் அங்கே காலியாக இருந்தது, அதில் நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சசிரேகா வாலாஜாபாத் போனாள். வாசலில் செருப்பை விட்டவள் உள்ளே போகத் தயங்கி நின்றாள். தென்றல்தான் உள்ளேயிருந்து வாக்கா என்றாள். பழைய பேச்சு இல்லை. கையின் கட்டைப் பிரித்திருந்தார்கள். கம்பெனி எழுதிய குறிப்பின் நகலை கோவிந்தம்மா எடுத்துக் காட்டினார். எழுத்து மூலம் தெரிவிக்கவில்லை என்ற இடத்தில் தென்றல் இடது கை விரலை வைத்தாள்.

"எத்தினி தபா எழுதிப் பாத்தேன் தெரியுமா. இந்தக் கையில 'அ' கூட வரமாட்டுது."

சசிரேகா தன் போனை எடுத்தாள். பேசினால் எழுத்தாக்கித் தரும் இலவச வசதி அதில் இருந்தது. மைக் படத்தை அழுத்தி, சொல்லு என்று நீட்டினாள். தென்றல் போனைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். சென்சார் வயர கழட்டி வெச்சிகினு கீறாங்கோ என்று அவள் சொன்னதை, போன் 'சென்ற சார் வயிறு கழட்டி வச்சு கிணறு ராங்கு' என்று எழுதியது. இருவரும் அதைப் படித்தார்கள். விபத்துக்குப் பிறகு தென்றல் சிரித்தது அப்போதுதான். இதுக்கு நம்ம பேச்சு வராது, பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல இருக்கிற மாதிரி பேசு என்றாள் சசிரேகா. தென்றல் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"என் பெயர் தென்றல். ஒன்பதாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு ஏழாம் எண் பிரஸ் இயந்திரத்தில் என் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. சென்சார் வயர் முன்பே கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு சசிரேகாவைப் பார்த்தாள்.

"சசிரேகாவும் சொல்லலன்னு போடு," என்றாள் சசிரேகா.

"வாணாங்கா."

"போடுன்றேன்."

சசிரேகாவே போனைத் தன் பக்கம் இழுத்து, "உடன் வேலை செய்யும் சசிரேகாவுக்குத் தெரிந்திருந்தும் அவர் எனக்குச் சொல்லவில்லை," என்றாள். ஒரு எழுத்துப் பிசகாமல் போன் அதை எழுதிக்கொண்டது. கோவிந்தம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். அரை மணி நேரத்தில் புகார் முடிந்தது. தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பினார்கள்.

புதன்கிழமை ஆய்வாளர் நடேசன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வசந்தகுமார் அவரைக் கூட்ட அறைக்கு அழைத்து, முதலில் எங்கள் விருது பெறும் தகுதியுள்ள பாதுகாப்பு வீடியோவைப் பார்க்க வேண்டும், பதினொரு நிமிஷம்தான் என்றார். மெஷினைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடேசன் போனார். திரும்பி வரவில்லை. ஏழாம் நம்பரை நிறுத்தி முத்திரை வைத்து, அங்கேயே நின்று அறிக்கை எழுதி, அப்படியே கிளம்பிவிட்டார். சென்சாரை ஒழுங்கு செய்தால்தான் மெஷின் ஓடலாம் என்று உத்தரவு வந்ததும் எலெக்ட்ரீஷியன் நாகப்பன் வந்து வயரை மாட்டினார். ஸ்க்ரூ டிரைவர் தேடிய நேரத்தையும் சேர்த்து இருபது நிமிஷம் ஆயிற்று.

கம்பெனி மேல் வழக்குப் பதிவாயிற்று. கம்பெனி மோகனை சஸ்பெண்ட் செய்தது. உள்ளடக்கச் சிறப்பு மையத்துக்கு அந்த மாதமே ஒரு தொழில் அமைப்பு சிறந்த பாதுகாப்புத் தொடர்பியலுக்கான கேடயம் கொடுத்தது. வசந்தகுமார் மேடையேறி வாங்கிக்கொண்டு, இது ஒவ்வொரு தொழிலாளிக்கும் கிடைத்த கௌரவம் என்று பேசினார்.

கேடயம் வந்த இரண்டாவது நாள் வாலாஜாபாத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு மெமோ போனது. தாங்கள் ஆய்வாளருக்கு அனுப்பிய புகார், மையத்தின் முன் அனுமதி பெறாத டிஜிட்டல் கருவி ஒன்றால் உருவாக்கப்பட்டதாகத் தெரியவருகிறது, கருவியின் பெயரையும் அதன் உரிமையாளரின் பெயரையும் ஏழு நாட்களுக்குள் தங்கள் கைப்பட எழுதி அனுப்பவும் என்று அதில் கண்டிருந்தது.

சேதி கேட்டு வாலாஜாபாத் வந்த சசிரேகா, தான் போய் வசந்தகுமாரிடம் பேசுகிறேன் என்றாள். வேண்டாம் என்று தென்றல் மெமோவை வாங்கித் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் முழங்காலை அதன் மேல் ஊன்றிக்கொண்டாள். பேனாவை இடது கையில் பிடித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன, ஆனால் படிக்க முடிந்தது.

கருவி: வாய். உரிமையாளர்: தென்றல்.